இன்னும் ஒரு வருஷம் ஆடட்டும்

போன குளிர்காலத்தில் நியூ ஜெர்சியில் ஒரு காலேஜ் ஐஸ் ஹாக்கி மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து சீட்டில் குரங்குக் குல்லா போட்ட தமிழ் அங்கிள் ஒருவர். எல்லோரும் பனியில் வழுக்கி ஓடும் வட்டைப் பார்க்க, அவர் மட்டும் டிஃபென்ஸ் ஆடிய நாலாம் நம்பர் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனை ப்ரொஃபஷனல் டீம்ல கூப்பிடறாங்களாம். ரெடிதானே அங்கிள்?" என்றேன்.

"இல்ல தம்பி. பின்னால யார் வர்றான்னு திரும்பியே பாக்க மாட்டேங்கறான். அங்க போனா இடிச்சே நொறுக்கிடுவாங்க. இன்னும் ஒரு வருஷம் இங்கயே ஆடட்டும்."

"செம ஸ்பீடு இருக்கே!"

"இருந்தா? ஓரத்துச் சுவத்துல இன்னும் வேகமா மோதுவான்."

கடைசி நிமிஷம், பையனோட டீம் ஒரே ஒரு கோல் முன்னிலை. மூலைக்கு ஓடிய வட்டைத் துரத்திப் போன பையன், சட்டென்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து விலகினான். இடிக்க வந்த இருவரும் சுவரில் மோத, அவன் சாவகாசமாக வட்டைத் தன் ஆளிடம் தள்ளிவிட்டான். ஜெயித்துவிட்டார்கள்.

அங்கிள் சீட் மேலேயே ஏறிவிட்டார். "பாத்துட்டான்யா! ரெண்டு பக்கமும் பாத்துட்டான்! அவன் ரெடி, நான்தான் தப்பு!" என்று கத்தி, என்னைக் கட்டிக்கொண்டார்.

அவர் பேர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தான் சொன்னது தப்பாகிப் போனதை இத்தனை சந்தோஷமாகக் கொண்டாடிய இன்னொரு மனிதரை நான் இதுவரை சந்திக்கவில்லை.