மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன்

புதுப்பட்டினத்தில் கடலை ஒட்டி எங்கள் வீடு. மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்ட புதிதில் கரண்ட் பில் நன்றாகக் குறைந்தது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. பேனலை விரலால் தேய்த்துப் பார்த்தேன். கடற்காற்றின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

ஒரு நாள் மதியம் அதைக் கழுவுவதற்காக மெயின் சுவிட்சை அணைத்தேன். ஃபேன் நின்றதும், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர், "இன்னாமே, கரண்டு பூட்சா?" என்றார்.

"நான்தான் ஆஃப் பண்ணேன். பேனல் கழுவப் போறேன்."

தேய்க்கும்போது என் ஈரக் கை பேனலுக்கு அடியில் இருந்த ஒயரில் பட்டது. ஷாக் தூக்கி அடித்ததில் பக்கெட்டோடு விழுந்தேன். ஒயரின் மேலுறை வெடித்திருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவரிடம், "மெயின் ஆஃப் பண்ணிட்டுத்தானே வந்தேன்" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "மெயின ஆஃப் பண்ண, சரி. சூரியன யாரு ஆஃப் பண்றது?"

முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன். சோலார்காரரை வரவழைத்து ஒயரை மாற்றினோம். இப்போதும் தவறாமல் கழுவுகிறேன், பில்லும் இறங்கிவிட்டது. ஆனால் விடிவதற்கு முன்பு, நீளக் கம்பு மாப்பால், ஒயர் பக்கமே போகாமல். கடல் மேல் வானம் சிவக்கத் தொடங்கினால், பாதி பேனல் அழுக்காகக் கிடந்தாலும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.