அம்மா பழுதுபார்த்த அக்கார்டியன்

என் பெரியப்பா காலமாகி வெகுநாள் ஆகிறது. ஆனாலும் குற்றாலத்து பங்களாவில் உட்கார்ந்துகொண்டு, "நாந்தான் ஆள் வச்சுச் சரி பண்ணுனேன்" என்று அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது பேத்தி எடுத்துவிட்டேன். கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அந்த அக்கார்டியன் என் தாய்மாமாவுடையது. அம்மா பிறந்த வீடு செங்கோட்டையில். அவளுடைய ஒரே அண்ணன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சர்க்கஸ் கம்பெனியின் பாண்டு கோஷ்டியில் சேர்ந்து, மலையாளக்கரை முழுக்கச் சுற்றி அதை வாசித்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் தங்கைக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருக்கிறார். கல்யாணம் ஆகாமலே கொல்லத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். சில நாள் கழித்து ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்தது. மூடியில் அம்மாவின் பெயர் எழுதியிருந்தது.

பெட்டி வந்த வண்டியைப் பெரியப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். தென்காசியில் அரிசி மில் வைத்திருந்தவர் அவர். அண்ணன் தம்பி குடும்பம் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பா அண்ணனுக்கு எதிரே தொண்டையைக்கூடச் செருமமாட்டார்.

"கூத்தாடிப் பய தூக்கிட்டுத் திரிஞ்ச சாமான். நடுவீட்டுக்கு வரக் கூடாது. விறகுப்புரையில கொண்டு போடு" என்றார்.

அம்மா அழுதிருந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். செத்துப்போனவர் அவளுக்கு அண்ணன் என்பது அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

இரண்டு சாரல் காலம் பெட்டி விறகுப்புரையில் கிடந்தது. மூன்றாவது வருடம் தீபாவளி கழிந்து ஒரு மத்தியானம், பெரியப்பா சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். இருவரும் பெட்டியை இழுத்து எங்கள் அறைக்குக் கொண்டுவந்தோம். திறந்ததும் எலி மூத்திர வாடை குப்பென்று அடித்தது. துருத்தி மடிப்புகளில் பச்சைப் பூசணம். கட்டைகளின் இடுக்கில் கரப்பான் முட்டை. அம்மா வாரைத் தோளில் மாட்டி மெதுவாக இழுத்தாள். சளி பிடித்த கன்றுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"இதுக்கு மூச்சு நிக்கல. எங்கனயோ ஓட்ட" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் எங்களுக்கு அதுதான் வேலை. துருத்தியைப் பிடித்திருந்த ஆணிகளை அம்மா குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எந்த ஆணி எந்தத் துளைக்கு என்று மாறிப்போகாமல் நான் ஒரு பலகையில் சாக்பீஸால் நம்பர் போட்டு அடுக்கினேன். உள்ளே வரிசை வரிசையாக எஃகு நாக்குகள். காற்று பட்டால் துடித்துச் சத்தம் தருவது அவைதான். பாதிக்கு மேல் துருவேறியிருந்தன. அம்மா ஊசி முனையால் துருவைச் சுரண்டி எடுத்தாள்.

"நுனியில கை வைக்காத. கொஞ்சம் தேஞ்சாலும் சுருதி மாறிரும்" என்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

நாக்குகளைப் பதித்திருந்த மெழுகு காய்ந்து பிளந்திருந்தது. குற்றாலத்தில் மலைத்தேன் விற்கிறவர்களிடம் தேன்மெழுகு வாங்கி, ஒரு சிட்டிகை குங்கிலியம் போட்டு உருக்கி ஊற்றினாள். துருத்தியின் கிழிசலுக்குப் புத்தக பைண்டிங் கடை பாயிடம் நான் போய் மெல்லிய தோலும் காலிகோ துணியும் வாங்கி வந்தேன். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கச் சொன்னதும் அவர்தான். பழுத்துப்போயிருந்த வெள்ளைக் கட்டைகளைத் திருநீறு தொட்டுத் துடைப்பது என் பங்கு. என் சுட்டுவிரலே தேய்ந்துபோனதாக நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி, அம்மா இழுத்தாள். சத்தம் கணீரென்று வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒரு மெட்டை வாசித்தாள். அந்த வீட்டில் இட்லிக்கு அரைப்பதும் பந்தி பரிமாறுவதுமாக நான் பார்த்த அம்மா இல்லை அது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கதவு திறந்தது. பெரியம்மா நின்றாள். பெரியப்பாவின் மனைவி. எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"தெருவுக்கே கேக்கு. அந்த ஜன்னலச் சாத்து" என்றாள். சாத்தினேன். பாயை விரித்து உட்கார்ந்தாள். "ம், வாசி" என்றாள் அம்மாவைப் பார்த்து.

அப்புறம் தினமும் மூவர் ஆனோம். பெரியம்மா படுத்தபடியே கேட்பாள். சில நாள் அடிக்குரலில் கூடவே பாடுவாள். நாலு மணிக்கு அக்கார்டியன் விறகுப்புரைக்குத் திரும்பிவிடும். "யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது, என்ன" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அவ்வளவு நல்ல காரியத்தை ஏன் ஒளிக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

அந்த ஆனிச் சாரலில் பெரியப்பா மகளுக்கு மதுரையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார்கள். பெண்ணை அங்கேயே அழைத்து வரச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா காலேஜில் படிக்கும்போது அக்கார்டியன் வாசித்தவராம். இது காதில் விழுந்ததும் பெரியப்பாவுக்கு விறகுப்புரை ஞாபகம் வந்தது. ஆளை விட்டு எடுத்துவரச் சொன்னார். பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஒரு கணம் புருவத்தை உயர்த்தினார். யார் துடைத்தது, யார் சரி செய்தது, ஒரு கேள்வி இல்லை. "வண்டியில ஏத்து" என்றார். அது யாருடையதோ அவளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குடும்பத்தோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் அப்பா எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வந்து நல்ல உற்சாகத்தில் இருந்தார். அக்கார்டியனை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன சுத்தமா இருக்கு! மழை ஊர்ல இதை இப்படி வச்சிருக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல. யாரு பார்த்தது?"

"நாந்தான் ஆள் வச்சுச் சரி பண்ணுனேன். நமக்குச் சங்கீதம்னா உசுரு பாத்துக்கிடுங்க" என்றார் பெரியப்பா.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. "பொய்! அம்மாதான் சரி பண்ணுனா! அம்மா நல்லா வாசிப்பா!" என்று கத்தினேன்.

வெளியே சாரல் தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அப்பா தரையைப் பார்த்தார். அம்மா காபித் தட்டோடு வாசற்படியில் நின்றாள்.

மதுரைக்காரர் நல்ல மனிதர். "அப்படியாம்மா? ஒண்ணு வாசிங்களேன், கேப்போம்" என்று அக்கார்டியனை அவள் பக்கம் நீட்டினார்.

அம்மா அதைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. பிள்ள ஏதோ உளறுதா."

"நீதானே அம்மா ஊசி வச்சுச் சுரண்டுன! பெரியம்மாகூட தெனமும்..."

முடிப்பதற்குள் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கன்னத்தில் அறைந்தாள். வாழ்நாளில் அவள் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். பெரியப்பா பெரிதாகச் சிரித்து, "உங்களுக்குப் பிடிச்சிருக்குல்லா, நீங்களே வச்சுக்கிடுங்க" என்று அக்கார்டியனை மதுரைக்காரருக்கே கொடுத்துவிட்டார். யார் வீட்டுப் பொருளை யார் தூக்கிக் கொடுப்பது! இதைக் கேட்க அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் வாய் இல்லை.

சம்பந்தம் அன்றே முடிவானது. வரும் வழியெல்லாம் நான் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. அறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னைப் பொய்க்காரி ஆக்கியதை எப்படிப் பொறுப்பது?

மறுநாள் மத்தியானம் பெரியப்பா மில்லுக்குப் போனதும், பெரியம்மா வழக்கம்போல் எங்கள் அறைக்கு வந்து பாயை விரித்தாள். மகளுக்குக் கல்யாணம் கூடிய சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை. அம்மா என் பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"பெரியம்மா, நான் நெசத்தத்தானே சொன்னேன்?"

"நெசந்தான் ஏட்டி. ஆனா யாரு கேட்டா உங்கிட்ட? எங்களுக்குன்னு இருந்ததே இந்த ஒரு மத்தியானம்தான். அதையும் போயி ஆம்பளைங்க நடுவுல வச்சு ஒடைச்சிட்டியே."

அம்மா தலையைத் தூக்கவில்லை. "விடுங்கக்கா. சின்னப்பிள்ள" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெரியப்பா பொய் சொன்னார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சேர வேண்டிய பெயரை வாங்கிக் கொடுக்கத்தான் நான் அத்தனை பேர் நடுவில் கத்தினேன், உடைத்தது நானாம். இவர்களுக்காக இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஜன்னல் அன்றும் சாத்தியே இருந்தது. அவர்கள் இருவரையும் உள்ளே விட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு தெருவுக்கு விளையாடப் போனேன்.