எலி தொட்ட விரல்

எலியை அடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம். பிள்ளையாரின் வாகனமாம். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பையன்களுக்குத் தவளையை அறுத்துக் காட்டும் விலங்கியல் வாத்தியாரான அப்பா, வீட்டில் இதற்கு வாய் திறக்காமல் கட்டுப்பட்டார். அம்மா காசநோய் வந்து தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் சட்டம் அமலில் இருந்தது.

சிறுபிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள். பள்ளி விட்டதும் நானே பூட்டைத் திறந்து, செம்பாக்கத்து வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அப்பா ஆஸ்பத்திரி போய்விட்டு இருட்டும் நேரத்துக்கு வருவார். கொஞ்ச நாளாகத் தன் தட்டையும் டம்ளரையும் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். முன்பெல்லாம் அவர் மடியில்தான் தூங்குவேன். இப்போது பக்கத்தில் போனாலே, "அங்கயே உக்காரு பாப்பா" என்பார். என் மேல் ஏதோ கோபம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். என்ன தப்பு செய்தேன் என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் அரிசி டின்னுக்குப் பின்னால் காது கிழிந்த எலி ஒன்று குடிவந்தது. மசால் வடை வைத்த பொறியில் மாட்டியதை அப்பா எதிர்க் காலி மனையில் திறந்துவிட்டார். மறுநாளே அதே கிழிந்த காதோடு திரும்பி வந்து மறுபடி மாட்டியது. எங்கள் தெருவில் எலி பிடிப்பது என்றால் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைப்பது என்று அர்த்தம். காலி மனையை ஒட்டிய வீட்டு அக்கா, "இன்னா சார், உங்க வூட்டு எலிய வுட எங்க வாசல்தான் கெடச்சுதா?" என்று கேட்டதில் அப்பா கூனிக் குறுகிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தூரமாகக் கொண்டுபோய் விடலாம் என்று பொறியைப் பின்வாசலில் வைத்தார். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எலி கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி என் விரலைத் தொட்டது. ஈரமாக, சில்லென்று, ஓயாமல் துடிக்கும் மூக்கு. யாராவது என்னைத் தொட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"கையை எடு, கடிச்சுடும்" என்றார் அப்பா, வாசற்படியில் நின்றபடியே.

"கடிக்கலப்பா. தடவிப் பாக்குது."

வாத்தியாருக்குப் பாடம் வந்துவிட்டது. "அந்த மூக்குத் தோல்ல நரம்பெல்லாம் நுனி நுனியா வந்து முடியுது. இருட்டுல அதுக்குக் கண்ணு பெருசா உதவாது. மூக்கால தொட்டுத்தான் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கும்."

"இத நாமளே வச்சுக்கலாம்பா."



ஞாயிற்றுக்கிழமை பொறியை சைக்கிள் கேரியரில் கட்டினார். என்னை ஏற்றிக்கொள்ளாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். ஏரிக்கரையில் பொறியைத் திறந்தும் எலி போகவில்லை. கம்பி இடுக்கில் மூக்கை நீட்டியது. அப்பா குந்தி உட்கார்ந்து தன் விரலை வைத்தார். அது முகர்ந்து முகர்ந்து தடவியது. எனக்குச் சொன்ன புத்திமதியை மறந்து, வெகுநேரம் அவர் விரலை எடுக்கவேயில்லை. பிறகு எலி ஒரே ஓட்டமாகக் கோரைக்குள் மறைந்தது. நான் ஓவென்று அழுதேன். அப்பா என் தலையை நோக்கிக் கையை நீட்டினார். பாதியிலேயே இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

தனக்கும் அந்த நோய் தொற்றியிருக்குமோ என்று சோதனை செய்துவிட்டு, முடிவு தெரியாமல் அவர் தவித்த நாட்கள் அவை. இதை அம்மா குணமாகி வந்து பல வருஷம் கழித்துச் சொன்னாள். அன்றைக்கு என் புத்திக்கு எட்டியது வேறு. எலியைத் தொட்ட கையாயிற்றே, கழுவினதும் என்னைத் தொடுவார் என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிப்போய், குழாயடியில் சோப்பை எடுத்து வைத்துக் காத்திருந்தேன்.