அக்கா கழுத்து டாலர்

அன்றைக்கு அந்த முடியை நான் ஏன் கழுவாமல் விட்டேன்? ஒன்றேகால் வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா கெஞ்சினாள் என்பது ஒரு பதில். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மைதான். ஆனால் எதைச் சொல்லிக்கொண்டாலும் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

கடலூர் செம்மண்டலத்தில் வீட்டிலிருந்தபடியே நகை செய்து விற்கிறேன். தங்கமோ கவரிங்கோ இல்லை. ரெசின் என்று ஒரு திரவம். அதனோடு இன்னொரு திரவத்தைச் சரியான அளவில் கலந்து அச்சில் ஊற்றினால் ஒரு நாளில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். உள்ளே காய்ந்த பூ, இலை, கல்யாண மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் என்று எதை வைத்தாலும் அப்படியே நிற்கும். கம்மல், மோதிரம், செயினில் கோக்கிற டாலர் எல்லாம் செய்வேன். நான் வேதியியல் படித்தவள். பாப்பா பிறக்கும் வரை ஒரு பள்ளியில் அந்தப் பாடம்தான் நடத்தினேன். எண்ணெய்ப் பசை பட்டால் ரெசின் இறுகாது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

ஆரம்பத்தில் வாங்கியவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள்தான். மாடி வீட்டு ஆன்ட்டி ஒரு கல்யாணத்துக்கு முன்பு ஜிமிக்கி எடுத்துப் போவார். கல்யாணம் முடிந்த மறுநாள், "முகத்துக்கு எடுக்கலம்மா" என்று பவுடர் ஒட்டியபடியே திருப்பித் தருவார். சிதம்பரத்தில் என் அப்பா சட்டைப் பையில் கம்மல் அட்டைகளோடுதான் காலை நடைக்குப் போவார். கூட நடக்கிறவர்களை நிறுத்தி, பொண்ணு செஞ்சது, வீட்டம்மாவுக்கு ஒண்ணு எடுங்க சார் என்பார். அம்மா போனில் என்னிடம், "ரிட்டையர் ஆனதும் வளையல்காரர் ஆயிட்டாருடி உங்கப்பா" என்று அலுத்துக்கொள்வாள். அந்தக் குரலில் பெருமையும் இருக்கும்.

அக்கா என்று நான் சொல்வது சிதம்பரத்தில் எங்கள் எதிர் வீட்டு அக்காவை. கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு சைக்கிள் பழக்கியவள் அவள். கல்யாணமாகி அதே தெருவில் தங்கிவிட்டாள். நான் பிரசவத்துக்குப் போனபோது பாப்பாவை முதலில் குளிப்பாட்டியதும் அவள்தான். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. என் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் தெருவில் யாராவது ஏதாவது சொல்வார்கள். அவள் காதில் விழாத மாதிரி தூக்கிக்கொண்டு நடப்பாள். அடுத்த வருடமே அவளுக்குப் பையன் பிறந்தான்.

ஒரு வயதும் ஒன்பது மாதமும் இருந்தான். காய்ச்சல் வந்தது. நான்கு நாள். அந்த நான்கு நாளைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அவன் போய் மூன்று மாதம் கழித்து, நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். உள்ளே ஒரு சின்னச் சுருள் முடி. ஒரு வயதில் கோயிலில் மொட்டை போட்டபோது எல்லா முடியையும் அங்கேயே விட்டுவிட்டு, இதை மட்டும் யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாளாம். டாலராகச் செய்து தரச் சொன்னாள். அவனுடைய பிறந்தநாளுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள்.

"கழுவிக் காயவெச்சுதான் செய்யணும்க்கா" என்று ஆரம்பித்தேன்.

"கழுவாதடி. அன்னிக்குக் காலையில நான்தான் எண்ணெ தேச்சேன். அவன் வாசனெ அதுலதான் இருக்குது. வேற எதுலயும் இல்ல. துணியெல்லாம் தொவச்சுட்டாங்க."

முகர்ந்து பார்த்தேன். நாள்பட்ட தேங்காய் எண்ணெயின் காறல் வாசனைதான் வந்தது. ஆமாக்கா என்றேன். ரெசினுக்குள் போய்விட்டால் எந்த வாசனையும் வெளியே வராது என்பதையும் சொல்லவில்லை. பாதியை வைத்துக்கொண்டு பாதியில் செய்யட்டுமா என்று கேட்டேன். "பிரிக்காத" என்றாள். அதற்கும் சரி என்றேன்.

செம்மண்டலத்துக்கு அதைக் கொண்டுவந்தபோது அத்தை, என் மாமியார், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். கோபக்காரர் இல்லை. ஆனாலும், "பாப்பா பொழங்குற வீடும்மா இது, சாவு வீட்டு முடிய எதுக்கு எடுத்தாந்த" என்று கேட்டார். அது மூடத்தனம் அத்தை என்று நான் படித்தவளாகப் பேசினேன்.

ஐப்பசி மழை. அறையில் ஈரம். எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த முடியை அச்சில் வைத்து ஊற்றினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், சுற்றிலும் இறுகி, நடுவில் மோர் கலந்தது போல் வெள்ளையாக, பிசுபிசுவென்று இருந்தது. ஊசியால் முடியை மட்டும் எடுக்கப் பார்த்தேன். நகச்சாயம் அழிக்கிற திரவத்தைத் தொட்டு எடுக்கப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் முடி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஒரு பிசின் உருண்டை, அதற்குள் கருப்பாக ஏதோ. பதற்றப்படாமல் அப்படியே விட்டிருந்தால் மேலே இன்னொரு பூச்சு கொடுத்துச் சரிசெய்திருக்கலாம். இப்போது யோசித்தால் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அந்த நேரம் அக்கா போன் செய்தாள். நாளை மறுநாள் பிறந்தநாள். மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

"ஆயிடுச்சாடி?"

"ஆச்சுக்கா."

இந்த ஒரு வார்த்தைதான் முதலில் வந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு செய்தது. பீரோவில் பாப்பாவின் முதல் மொட்டை முடியிலிருந்து நான் எடுத்துவைத்த ஒரு கற்றை, ஒரு கவரில் இருந்தது. எடுத்து ஷாம்பு போட்டு அலசினேன். மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன். விரலில் சுற்றிச் சுருளாக்கினேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அது என்னம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பூ என்று சொன்னேன். என் கையால் செய்த எதுவும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. ஒரு குமிழி கூட இல்லை.

அக்கா வந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவனுக்குச் செம்பட்டை முடில்ல? இது கருப்பா இருக்கே."

நான் அவளுக்குப் பின்னால் நின்று செயின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தேன். என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. பதில் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. நான் சொல்வதற்குள் அவளே, "எண்ணெ ஜாஸ்தி தேச்சிட்டேன் போல, அதான்" என்றாள். பிறகு பாப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு டாலரை அவள் வாயருகே நீட்டினாள். "தம்பிக்கு ஒரு முத்தம் குடு" என்றாள். என் பெண் தன் முடிக்குத் தானே முத்தம் கொடுத்தாள்.

அதன்பின் ஒவ்வொரு முறை சிதம்பரம் போகும்போதும் இது நடந்தது. அக்கா சாப்பிடும்போது அதை இடது கையால் பிடித்துக்கொள்வாள், குழம்பு பட்டுவிடக் கூடாது என்று. தூங்கும்போதும் கழற்றுவதில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். அதைப் போட்ட பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று என் அம்மாவிடம் சொல்லி, எனக்கு நன்றியும் சொல்லச் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். பாப்பாவுக்கு லேசாக உடம்பு சுட்டால் ராத்திரி முழுக்க நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இறந்த பிள்ளையின் இடத்தில் உயிரோடிருக்கும் பிள்ளையின் முடியை வைத்தவள் நான். அத்தையிடம் மூடத்தனம் என்று சொன்ன வாயால்தான் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மஞ்சள் துணியில் காசு முடிகிறேன். டாக்டர் சாதாரணச் சளி என்பார். இரண்டு நாள் நிம்மதியாக இருப்பேன். அப்புறம் மறுபடியும் தொடங்கிவிடும்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். அதைச் சொல்லும்போதே குரல் தயங்கியது, சந்தோஷப்படலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி.

"எங்க மாமியார் சொல்றாங்க, வயித்துல ஒண்ணு இருக்கும்போது கழுத்துல அது வேணாம்னு. எனக்கும் தோணுதுடி, நான்தான் அவனப் போக விடாம புடிச்சு வெச்சிருக்கேன்னு. தை அமாவாசைக்கு உங்க ஊருக்கு வரேன். கடல்ல விட்டுடலாம். நீ கூட நில்லு. நீதான செஞ்ச."

சரிக்கா என்றேன். இதற்கும்.

அன்றைக்கு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் கெட்டவர் இல்லை, சட்டென்று தீர்வு சொல்லுகிறவர். "அவுங்க டாலர விடுறப்ப, நீ வெச்சிருக்கிற அந்த உருண்டைய சத்தமில்லாம பக்கத்துல விட்டுடு. ரெண்டும் ஒரே தண்ணிதான?" என்றார். ஆமாம், அந்த உருண்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. எறிய முடியவில்லை.

அவர் சொல்வது எளிது. ஆனால் அக்கா ஒரு திசையில் பார்த்து அழுதுகொண்டிருக்க, அவள் பிள்ளையின் மிச்சம் அவளுக்குத் தெரியாமல் என் கையிலிருந்து போவதா? அவள் தொட்டுக்கூடப் பார்க்காமல்? சொல்லிவிடலாம் என்றால், ஐந்து மாத வயிற்றுக்காரியிடம் போய், இத்தனை நாள் நீ நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கியது உன் பிள்ளை இல்லை என்று எப்படிச் சொல்வது? பிரசவம் முடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் கடலில் விட்டுவிடுவாள். சொல்லாமலே இருந்துவிட்டால், எங்கள் ஊர்க் கடற்கரை, சில்வர் பீச் மணலில் அவள் பக்கத்தில் நின்று, என் மகளின் முடி இறந்த பிள்ளையின் பெயரில் அலையில் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் எந்த பயம் அக்காவுக்காக, எந்த பயம் எனக்காக என்று பிரித்துப் பார்க்கிறேன். பிரிய மாட்டேன் என்கிறது.

அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்தால், உங்களைத்தான் முதலில் கேட்கிறேன். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. அக்காவின் இடத்தில் நீங்கள் இருந்தால், உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்களா? சொல்லத்தான் வேண்டும் என்றால், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம் முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது? தயவுசெய்து எழுதுங்கள்.