மாமனார் சொல்லும் சிவப்பு நூலும்

என் கணவரின் இடது கெண்டைக்காலில் பதினொரு ஈய ரவைகள் பாய்ந்தன. ஒன்பதை டாக்டர் எடுத்துவிட்டார். மீதி இரண்டும் கடைசிவரை அங்கேயே இருந்தன. மழை வருமா என்று யாராவது கேட்டால் அவர் வானத்தைப் பார்க்க மாட்டார், காலைத் தடவிப் பார்த்துச் சொல்வார். போலீஸ்காரர் என்பதால் கொள்ளைக்காரன் எவனோ சுட்டுவிட்டதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவருக்குத் தனி மரியாதை கிடைக்கும். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அந்த ரவைகளைத் துப்பாக்கிக்குள் போட்டவள் நான்.

சிரிப்பு எனக்கு ஒரு வியாதி. வரக்கூடாத இடம் பார்த்துத்தான் வரும். தாலி கட்டும்போது அவர் விரல் கழுத்தில் பட்டதும் கூச்சம் தாங்காமல் நான் சிரித்த சிரிப்பில், பின்னால் நின்ற நாத்தனாருக்கு முடிச்சே நழுவிப்போனது. "கிறுக்குப் புள்ளையக் கட்டிட்டமா?" என்று மாமியார் கவலைப்பட்டாராம்.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி அது. எனக்குப் பதினெட்டு வயது. வைகாசியில் கல்யாணம், ஆடியில் பிரிவு. மோகனூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். தலையாடி விருந்தைச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை போய்விட வேண்டும், பெண் தாய்வீட்டிலேயே இருக்க வேண்டும், ஆடி முடியும்வரை மாப்பிள்ளை அந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் யார் என்று தெரிந்திருந்தால் அப்போதே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒற்றைக் குழல். கரும்புக்காட்டில் நரி இறங்கும் காலத்தில் அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டால் ஊர்ப் பெரியவர்கள்கூட வழிவிட்டு நிற்பார்கள். அதற்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்க வேண்டும். கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் வைத்து இரும்புக் கம்பியால் இடித்து, மேலே ரவையைப் போட்டு, மறுபடி நார் வைத்து இடிக்க வேண்டும். கடைசியில் பின்பக்கம் பொட்டுவெடி மாதிரி ஒரு கேப்பு. விசையை இழுத்தால் சுத்தியல் மாதிரி இருக்கும் சுத்தி கேப்பில் அடித்து வெடிக்கும். இத்தனையும் பார்த்துப் பார்த்தே எனக்குப் பிடிபட்டிருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டு தடவை வெடித்தும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கம்பியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது அப்பாவின் ஏற்பாடு. கம்பியைக் குழலுக்குள் விட்டால், வெறுங்குழலாக இருந்தால் நூல் சரியாகக் குழல் வாயில் வந்து நிற்கும். உள்ளே மருந்து இருந்தால் நாலு விரற்கடை மேலே நிற்கும்.

ஆடியில் ஒரு சாயங்காலம் அப்பா மோகனூருக்குப் போயிருந்தார். கரும்புக்காட்டில் நரி ஊளையிட்டது. நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடி, வரப்பில் நின்று மருந்து கெட்டித்து, கேப்பும் வைத்துவிட்டேன். அப்போது வாய்க்கால் பக்கமிருந்து ஒரு சீட்டி. பார்த்தால், சைக்கிளை வாழைமரத்தில் சாத்திவிட்டு என் கணவர் நிற்கிறார்!

"தள்ளி நில்லுங்க, மருந்து போட்டிருக்குது, மேல பட்டுறப் போகுது" என்றேன்.

"பட்டா என்ன? உங்கையால பட்டாச் சரி" என்றார்.

அவருக்கு அன்று லீவு. படியைத்தானே மிதிக்கக் கூடாது, வாய்க்காலுக்கு ஏது படி என்று ஞாயம் வேறு பேசினார். கையில் ஒரு பொட்டலம் காராபூந்தி. நரியாவது ஒன்றாவது! நாங்கள் காராபூந்தியைத் தின்றுகொண்டு என்ன பேசினோம் என்று இப்போது கேட்டால் ஒரு சொல் ஞாபகமில்லை. சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. திடீரென்று அப்பாவின் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது. போலீஸ்காரர் திருடனைப் போலக் கரும்புக்குள் பாய்ந்தார். நான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து, எரிகிற அடுப்பையே ஊதினேன். மருந்து உள்ளேயே இருந்தது. அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

பத்து நாள் கழித்து லைசென்ஸ் துப்பாக்கிகளைப் பார்வையிடும் நாள் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அன்று கம்பி விட்டுப் பார்த்து வாங்கும் வேலை என் கணவருக்கு. வந்த துப்பாக்கி ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுப் பார்த்து வாங்கினார். அப்பாவின் முறை வந்தது.

"வெறுங்குழலுங்களா மாமா?"

"ஏனுங்க மாப்ள, நான் மருந்தோட கொண்டாருவனுங்களா?"

இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளை என்ன செய்வார்? ஊரார் எதிரில் மாமனாரின் சொல்லைக் கம்பி விட்டுப் பார்க்க முடியுமா? எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்தால் அடுத்த பொங்கலுக்குச் சீர் வராது. அவர் மரியாதையாக வாங்கிப் பெஞ்சில் சாத்தி வைத்துவிட்டு நம்பரைக் குறிக்கக் குனிந்தார். துப்பாக்கி சறுக்கி விழுந்தது, சுத்தி பெஞ்சுக் காலில் மோதியது, வெடித்துவிட்டது.

சேதி வந்ததும் எனக்கு அந்தச் சாயங்காலம் முழுக்க ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. வண்டியில் ஆசுபத்திரி போய்ச் சேரும்வரை அழுதேன். கட்டோடு படுத்திருந்தவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏம்புள்ள, நரி தப்பிச்சுருச்சா?"

அழுதுகொண்டே சிரித்தேன். நர்சம்மா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

நான் போகும்போது என் கையைப் பிடித்து என் கணவர் சொன்னது வேறு. "நீ போட்டதுன்னு மூச்சு விட்டுறாத. லைசென்ஸ் இல்லாதவுங்க தொட்டதாத் தெரிஞ்சா மாமாவோட லைசென்ஸப் பிடுங்கிருவாங்க. எனக்குச் சர்க்காரு எதாச்சும் பண்ணும்."

சர்க்கார் பண்ணுமா என்பதுதான் பிறகு பெரிய கேள்வியாகிவிட்டது. வேலையில் இருக்கும்போது அடுத்தவர் துப்பாக்கியால் அடிபட்டால் காயத்துக்குச் சர்க்கார் பணம் உண்டு, வேலையும் போகாது. தானே அஜாக்கிரதையாக வெடித்துக்கொண்டதென்றால் ஒன்றும் கிடையாது, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். இதை விசாரிக்க ஒரு மாதம் கழித்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியூர்க்காரர், முழங்குகிற குரல். நான் கேழ்வரகுக் கூழ்த் தூக்குடன் ஸ்டேஷன் கதவோரம் நின்றேன். உள்ளே என் கணவர் தடியை ஊன்றிக்கொண்டு நிற்க, எதிரில் அப்பா.

"வெறுங்குழலாகத்தான் கொண்டுவந்தீரா?"

"ஆமாங்க. போன தடவ நரிக்கு வெடிச்சு, தொடச்சு, மாட்டுனதுங்க. சத்தியமுங்க."

பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அப்படியானால் உம்முடைய மாப்பிள்ளைதான் விளையாட்டாக மருந்து போட்டிருக்கிறான் என்று ஆகிறது."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும், சொன்ன சொல்லையும் மாற்ற முடியாது. "எனக்கு அதெல்லாந் தெரியாதுங்க. நான் கொண்டாந்தது வெறுங்குழலுங்க" என்று அதையே திருப்பிச் சொன்னார். என் கணவரைக் கேட்டார்கள். "எனக்கும் தெரியலீங்கய்யா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் தன் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை மையில் தோய்த்தார்.

எனக்கு அந்த நேரம் பார்த்து வந்தது கோபம்தான். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறேன் என்று என் குடித்தனத்தை வாய்க்காலில் விடுகிறார்களே!

"எழுதாதீங்க! மருந்து போட்டது நானுங்க" என்றேன். தூக்கில் கூழ் தளும்பியது.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. மருந்தில்லாமல் செய்துகாட்டச் சொன்னார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு, நார் வைத்து, இடித்து, மறுபடி நார் வைத்து இடித்துக்காட்டினேன். சிவப்பு நூலையும் காட்டினேன். வெறுங்குழலுக்கு எங்கே நிற்கும், நார் இருந்தால் எங்கே நிற்கும் என்று விட்டு விட்டுக் காட்டினேன். அவர் அந்த நூலையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தெரிந்தவள் ஏன் வெடிக்காமல் விட்டாய்?"

"ஒருத்தரு வந்தாருங்க."

"யார்?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். துப்பாக்கி வெடித்தது ஆடி மாதம், மாப்பிள்ளை வரக்கூடாத மாதம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். வந்துவிட்டது சிரிப்பு. கூழ்த்தூக்கைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பா நிற்கிறார், அதிகாரி இருக்கிறார் என்றெல்லாம் பார்க்காமல் சிரித்தேன். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"ஐயா, இத எப்படிங்க எழுதறது?" என்றார் ரைட்டர்.

"விருந்தாளி வந்தபடியால் என்று எழுதும்" என்றார் இன்ஸ்பெக்டர், திரும்பாமலே.

என் சிரிப்பு நின்றபோது அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். லைசென்ஸ் ரத்தாயிற்று. துப்பாக்கியை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள். அவரை அதைவிடச் சுட்டது வேறு. சத்தியம் என்று சொன்ன அவர் சொல்லைப் பெற்ற மகளே சபையில் பொய்யாக்கிவிட்டாள். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பிறந்த நாள்முதல் என்னை 'சாமி' என்று தவிர வேறு விதமாகக் கூப்பிடாதவர். பிரசவத்துக்குப் போனபோதுகூடத் தொட்டிலைப் பார்த்துத்தான் பேசினார். "அப்புனு, உங்கம்மாளத் தண்ணிக்குடத்த எடுத்து வெக்கச் சொல்லு" என்பார். பிறந்து ஏழு நாளான பிள்ளை! நான் சிரிப்பேன், பிறகு தனியாகப் போய் அழுவேன்.

காகிதம் சேலம் போய், பட்டணம் போய், ஒரு வருஷத்துக்குப் பிறகு காயத்துக்கான பணம் வந்தது. வேலையும் நிலைத்தது. அணிவகுப்பில் நடக்க முடியாத காலுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்தவர் அந்த இன்ஸ்பெக்டர்தான். அவர் மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினார். துப்பாக்கி வைத்திருப்பவர்களும் புதிதாகக் கேட்பவர்களும் ஒரு நாள் ஸ்டேஷன் மைதானத்துக்கு வந்து பாடம் கேட்டால்தான் லைசென்ஸ். பாடம் சொல்பவர் என் கணவர். பாடத்துக்குத் துப்பாக்கி, ஸ்டேஷனில் கிடந்த எங்கள் துப்பாக்கி. எல்லார் கம்பியிலும் கட்டுவதற்குச் சிவப்பு நூல்கண்டு சர்க்கார் செலவில் வந்தது. அதைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தது நான்.

முதல் பாடத்துக்கு அப்பா வந்திருந்தார். திரும்ப லைசென்ஸ் வேண்டுமானால் வரத்தானே வேண்டும். முன்வரிசையில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போலீஸ் குடியிருப்புப் பக்கம் ஓரமாக நின்றேன். என் கணவர் தடியை ஊன்றி எழுந்து, அந்தத் துப்பாக்கியை எடுத்தார். அவர் வேண்டுமென்று செய்தாரா, வாய் தவறினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசிவரை சொல்லவே இல்லை.

"வெறுங்குழலுங்களா மாமா?" என்று கேட்டுவிட்டார்.

கதை தெரியாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மடித்தார். மறுபடி தோளில் போட்டார்.

"எனக்கென்னங்க மாப்ள தெரியும்? எம்புள்ளையக் கேளுங்க" என்றார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அப்பா எழுந்து, என் பக்கம் திரும்பி, பிள்ளைக்காக இரண்டு கையையும் நீட்டினார்.

"இவன இப்படிக் குடுத்துட்டு நீ வந்து கம்பி உட்டுப் பாரு, சாமி."

பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போய்க் கம்பியை எடுத்தேன். கண்ணீரில் சிவப்பு நூல் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்த ஒருவரிடம் நூலைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.