கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கல்

காலை ஏழேகால் மணிக்குக் காட்பாடியில் பெங்களூர் ரயில் ஏறியபோது என் சட்டைப்பையில் இருந்தவை இரண்டு. ஒன்று, என் மனைவி ஸ்டெல்லாவின் பழைய மோதிரம், விரல் அளவுக்காக. இன்னொன்று, பள்ளி ஆசிரியையான அவள் தன் குண்டு கையெழுத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு: “ஊதா சஃபையர். இயற்கைக் கல். கத்திரிப்பூ நிறம். நீலம் இல்லை.” கடைசி இரண்டு சொற்களுக்கு அடிக்கோடு வேறு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் வருட நன்றி ஆராதனை. அன்று அவள் விரலில் அந்த மோதிரம் இருந்தாக வேண்டும். “நீங்களே உங்க கண்ணால பாத்து எடுத்ததா இருக்கணும். வேற யார் எடுத்தாலும் எனக்கு வேணாம்” என்று சொல்லியிருந்தாள்.

பிரச்சினையே அந்தக் கண்தான். எனக்கு நிறக்குறைபாடு உண்டு. கத்திரிப்பூவும் கடலும் எனக்கு ஒரே நீலம். இருபத்தோரு வயதில் ரயில்வே வேலைக்கான பரிசோதனையில், புள்ளிகள் நிறைந்த படம் ஒன்றைக் காட்டி “என்ன நம்பர் தெரியுது?” என்று டாக்டர் கேட்டார். “நம்பரா?” என்றேன். வேலை போயிற்று. “ரயில்வேயில தூக்கமே இருக்காதாம், வேணாம்னுட்டேன்” என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். பிறகு வந்த ஸ்டெல்லாவுக்கும் அதே கதைதான். ஆக, எந்த ரயில்வே என்னை வேண்டாம் என்றதோ அதே ரயில்வேக்குக் காசு கொடுத்து, எனக்குத் தெரியாத ஒரு நிறத்தை வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷன். குளிர்ந்த காற்று. சிவாஜிநகருக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் கோலார் தங்கவயல்காரர்.

“கல்லு வாங்கவா சார்? கூட மேடம் வர்லியா?”

“வரலைங்க.”

“தைரியம்தான் சார் உங்களுக்கு. நானெல்லாம் தக்காளி வாங்கினாக்கூட போட்டோ அனுப்பிக் கேட்டுட்டுத்தான் வாங்குவேன்.”

நான் ரசித்துச் சிரித்தேன். அந்த ஆள் எனக்கு எவ்வளவு பெரிய ஆபத்தைச் சொல்லிக் கொடுக்கிறார் என்று அப்போது தெரியவில்லை.

துணிக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே ஒரு சந்து. அதில் கரீம் பாயின் கல் கடை, மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காமவர் நிற்க வேண்டிய அளவில். பாய் மடித்த வெள்ளைத்தாளைப் பிரித்தார். ஐந்து கற்கள். ஐந்தும் நீலம்.

“அருமையான ஊதா” என்றேன்.

“அதுல ரெண்டுதான் ஜீ ஊதா. மீதி மூணு நீலம், சும்மா ஒப்பிட்டுப் பாக்க வெச்சேன்.”

“அதைத்தான் சொல்றேன்.”

பாய் இரண்டு கற்களை மட்டும் தள்ளிவைத்து, ஒற்றைக்கண் லென்ஸைக் கொடுத்தார். உள்ளே மயிரிழை போலக் கோடுகள். “அது பட்டு. மண்ணுக்குள்ள விளைஞ்ச கல்லுக்குத்தான் அது இருக்கும். சிலோன் கல்லு, நிறம் ஏத்தறதுக்காகச் சூடு காட்டாதது. லேப் சீட்டும் இருக்கு. ஆனா இந்த பல்புல பாத்து முடிவு பண்ணாதீங்க ஜீ. வெளிச்சத்துல பாருங்க.”

மணி பதினொன்றரை. இரண்டு கற்களையும் தாளோடு ஏந்திக்கொண்டு வாசல் படியில் நின்றேன். வெயிலிலும் அவை நீலமாகவே இருந்தன. பக்கத்தில் தள்ளுவண்டியில் பட்டர் ஃப்ரூட் விற்றுக்கொண்டிருந்தவரிடம் மெல்ல நகர்ந்தேன்.

“அண்ணா, இது என்ன கலர்?”

“ஏன், உங்களுக்குத் தெரியலயா?”

“எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கறேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது நாவப்பழம். அது இங்க்.”

“நாவப்பழமா? கண்ணைத் தொடைச்சிட்டுப் பாருண்ணா” என்று பழம் வாங்க வந்த ஓர் அம்மா குறுக்கிட்டார். “இது கத்திரிக்கா!” சொன்னதோடு விடவில்லை. கூடையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். “எப்படி? ஒரே செடியில காய்ச்ச மாதிரி இல்ல?”

கடைக்குள்ளிருந்து பாய் ஓடிவந்தார். “அரே, முப்பது வருஷமா யாவாரம் பண்றேன்மா. என் கல்லுக்குப் பக்கத்துல கத்திரிக்காய வெச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்!”

எல்லோரும் உள்ளே போனோம். அந்த அம்மாவும்தான். தீர்ப்பு தெரியாமல் போக அவருக்கு மனமில்லை. பாயின் மஞ்சள் பல்புக்குக் கீழே கற்களை வைத்ததும் அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். “ஐயய்யோ, இங்க்கும் கத்திரிக்காயா மாறிடிச்சு!”

“அது அப்படித்தாம்மா” என்றார் பாய். “அந்தக் கல்லு வெயில்ல நீலம், பல்புல ஊதா. இந்தக் கல்லு ரெண்டுலயும் ஊதா.”

கடையிலிருந்த அத்தனை பேரும் அந்த அதிசயத்தைக் குனிந்து பார்த்தார்கள். நானும் மரியாதைக்குக் குனிந்தேன். எனக்கு இரண்டும் மாறவே இல்லை. பாய் சொன்னபடி நிலையாக இருக்கிற கல்லையே எடுத்தேன். ஒன்று புள்ளி நான்கு கேரட், கேரட் பதினெட்டாயிரம். கத்திரிக்காய் அம்மா “நல்லா இருப்பீங்கண்ணா” என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றி மயக்கத்தில், ஆட்டோக்காரர் சொன்னது போலவே, கல்லைப் படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் போன் வந்தது.

“என்னங்க இது, நீலத்தை வாங்கியிருக்கீங்க?”

“இல்ல ஸ்டெல்லா, ஊதா.”

“எனக்குக் கண்ணு இல்லியா? படத்துல பாத்தா பளிச்சுனு நீலம்.”

பாயைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “போன் கேமராவுல ஊதா வராது ஜீ, நீலமாத்தான் விழும். நேர்ல பாக்கச் சொல்லுங்க. நீங்கதான் நேர்ல பாத்தீங்களே, சொல்லுங்க!”

“நேர்ல ஊதாதான்னு சத்தியம் பண்ணுங்க, நம்பறேன்” என்றாள் ஸ்டெல்லா. “உங்க கண்ணுக்கு ஊதாவா தெரியுதா, இல்லியா?”

நன்றி ஆராதனைக்கான மோதிரத்துக்கே பொய்ச் சத்தியமா? வாய் வரவில்லை.

“எனக்கு ஊதாவே தெரியாது ஸ்டெல்லா. பொறந்ததுலேர்ந்து எல்லாம் நீலம்தான். ரயில்வேக்காரன்தான் என்னை வேணாம்னான்.”

பாய் எனக்காகத் தேநீர் சொல்லி அனுப்பினார்.

“அப்ப...” என்றாள் கடைசியில். “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, ‘அந்த நீலச் சேலை ரொம்ப நல்லா இருக்கு’ன்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்களே?”

“ஆமா. நீ கட்டியிருந்த சேலை.”

“நான் கட்டியிருந்தது ஊதாங்க! நீலம் கட்டியிருந்தது எங்க சித்தி பொண்ணு ரோஸி! இருபத்தஞ்சு வருஷமா எந்தக் கல்யாண வீட்டுலயும் அவ உக்காந்த பந்தியில உங்களை நான் உக்கார விட்டதில்ல, தெரியுமா?”

பந்தி தோறும் நான் தூணுக்குப் பின்னால் சாப்பிட்டதன் காரணம் அன்றுதான் விளங்கியது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “அதையே போடச் சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கல் பதிக்கிறவர் துரை, மாடியில் இருந்தார். பழைய மோதிரத்தை அளவுக்கு வாங்கிக்கொண்டு, “மஞ்சத் தங்கமே போடுங்க சார், ஊதா எடுப்பாத் தெரியும். கல்லுக்கு அடியில தங்கத்தைத் திறந்து விட்டுடறேன், வெளிச்சம் உள்ள பூந்து வரணும்” என்றார். இரண்டு நாள் வேலை. காக்ஸ் டவுனில் மனைவியின் அக்கா வீட்டில் தங்கினேன். மூன்றாம் நாள் போனபோது, அரக்குக் குச்சியில் மோதிரத்தை இறுக்கி வைத்து, நான்கு தங்கக் கால்களையும் கல்லின் மேல் மடக்கிக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்தபடி அழுத்தினார். நானும் பிடித்தேன். “நீங்க விடலாம் சார்” என்றார்.

சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டு வாசல். ஸ்டெல்லா மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வெயிலில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள்.

“ஊதாதானே?”

“அதைச் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் நான் யோசிச்சேன். இனி நீங்க யோசிங்க.”

விளையாட்டு என்று நினைத்தேன். பால்காரரைக் கேட்டேன். “அக்கா சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார்” என்றார். என் மகள் காது கேட்காதவள் போல நடந்து போனாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, பொய்யே சொல்லாத எங்கள் போதகரை மடக்கினேன். “அருமையான மோதிரம், சகோதரரே” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

பெங்களூரில் முன்பின் தெரியாதவர்கள் கத்திரிக்காயோடு வந்து நிறம் சொன்னார்கள். சொந்த ஊரில் ஒருவர் வாய் திறப்பதில்லை. மோதிரத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் சிவாஜிநகர் போய் அந்த வாசல்படியில் நின்றால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு அவள் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். பாத்திரம் கழுவும்போதுகூடக் கழற்றுவதில்லை.