ஓட்டின் மேல் எறிந்த டைனோசர் பல்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. டைனோசரின் பல்லைச் சாணியில் உருட்டிப் பின்வீட்டு ஓட்டின் மேல் எறிகிறவர்கள் உலகத்தில் எங்காவது உண்டா? மேலகரத்தில், எங்கள் வீட்டில் எறிந்தார்கள்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்த மாமா, குற்றால சீசனுக்கு வந்தபோது அந்தப் பல்லைக் கொண்டுவந்தார். என் சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். "சுறாப் பல்லுங்காங்க, நாய்ப் பல்லுங்காங்க. நீதான் பெரிய படிப்பாளியாச்சே, பாத்துச் சொல்லுட்டி" என்று கையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவருக்கு அது கேலி. எனக்கு அப்படியில்லை.

அன்று முழுக்க அவர் செல்போனில் படம் படமாகப் பார்த்தேன். சுறாப் பல்லுக்கு அடியில் வேர் அகலமாக இருக்கும், இதற்கு இல்லை. முதலைப் பல் உருண்டையான கூம்பு. இது பக்கவாட்டில் தட்டை. நுனி பின்னோக்கி வளைந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் கதிரறுக்கும் அரிவாளைப் போலப் பொடிப்பொடியாகக் கருக்கு. இறைச்சி தின்னும் டைனோசரேதான்! அடிப்பக்கம் வேரில்லாமல் குழிந்திருந்ததற்கும் காரணம் கண்டுபிடித்தேன். ஏதோ பெரிய சண்டையில் முறிந்திருக்கிறது. மாமா அசந்துபோய், "நீயே வச்சுக்கோட்டி" என்றார். பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்க, பஞ்சு போட்ட தீப்பெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

மறுநாள் ஐந்தருவியில் மாமாவோடு ஆண்கள் பக்கம் குளித்த தம்பிக்கு, ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. விழுந்த பல்லை ஓட்டில் எறியாவிட்டால் புதுப்பல் முளைக்காதே! வீட்டுக்கு வந்ததும் அந்தக் களவாணிப் பயல் என் தீப்பெட்டியைத் திறந்து, என் டைனோசரை அம்மாவிடம் நீட்டிவிட்டான். இதெல்லாம் பிறகு அவனே ஒப்புக்கொண்டது.

நான் போய்ப் பார்க்கும்போது அம்மா சாணிக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வந்த ஆத்திரத்தில் தெருவே கூடும்படி கத்தினேன்.

"என்னத்துக்குட்டி இந்தக் கத்து கத்துத? அது தம்பி பல்லுலா?"

தம்பி வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

"பழுப்பா இருந்துச்சே, பாக்கலையா?"

"முட்டாயாத் தின்னா பழுக்காம என்ன செய்யும்?"

"ஓரமெல்லாம் கருக்கா இருந்துச்சே!"

"ராத்திரி பூரா நறநறன்னு பல்லைக் கடிக்கான்லா."

நான் கண் வலிக்கப் பார்த்துக் கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில், "அடியில வேரே இல்ல. தானா விழுந்த பல்லு எனக்குத் தெரியாதா?" என்று முடித்துவிட்டாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். இந்த அநியாயத்தைக் கேட்க அந்த வீட்டில் ஆளே இல்லை. விடாத சாரலில் சாணி கரைந்து ஓடியது. பின்வீட்டில் ஏணி போட்டுத் தேடியும் பல் கிடைக்கவில்லை. கண்காட்சிக்கு வெறுங்கையோடு போனேன். தம்பிக்கு மட்டும் முத்துப்போலப் பல் முளைத்தது.

போன வருஷம் ஓர் அருங்காட்சியகத்தில் அதேமாதிரிப் பல் ஒன்றைப் பார்த்து, கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். டைனோசர்களுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்குமாம். புதுப்பல் கிளம்பும்போது பழைய பல்லின் வேர் கரைந்துவிடுமாம். அப்படி உதிர்ந்த பல்தான் வேரில்லாமல் கிடைக்குமாம். சண்டையும் இல்லை, முறிவும் இல்லை. அம்மா ஒரே பார்வையில் சொன்னது சரி, பிள்ளைதான் வேறு.

இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. "நான் அன்னைக்கே சொன்னம்லா" என்பாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.